புல்வெட்டியின் சத்தம்

"பேட்டரி மிஷின் சத்தமே போடாதும்மா," என்றார் கடைக்காரர்.

வேதவல்லி அதை விட்டுவிட்டு, பெட்ரோலில் ஓடும் புல்வெட்டியின் அருகே போய் நின்றாள். சென்ற மாதம் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த கணவரை அவள் வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தாள்.

"இதுல கைப்பிடியை விட்டா நின்னுடும்ல?"

"உடனே நின்னுடும்."

"அப்ப இதுதான். சத்தம் நின்னா நான் ஓடி வந்துடுவேன்."

"பூனைக்கு மணி கட்டுறியாக்கும்," என்று சிரித்தார் உடல் தேறிக் கூட வந்திருந்த கணவர் மாசிலாமணி.

ஞாயிறன்று அவள் சமையலறையில் காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் வேலிவரை போய்த் திரும்பி வந்தது. மறுபடி போனது. பிறகு வேலியருகே ஒரே இடத்தில் உறுமிக்கொண்டே இருந்தது. பிடியை அழுத்தி அழுத்திக் கை கடுக்கிறதென்று காலையில் அவர் கேட்ட சணல் கயிற்றை, எதற்கென்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.