நம்பும்படி இல்லை

"அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிப்பா" என்றாள் அம்மா.

மகன் செய்தித்தாளை விரித்துப் பிடித்து, நிறுத்தி நிதானமாகப் படித்தான். "ராணுவச் சிறையில் இப்படியெல்லாம் நடப்பதாகக் காட்டுவது கதாசிரியரின் மிகையான கற்பனை. கொஞ்சமும் நம்பும்படி இல்லை."

அந்தக் கதாசிரியர் அவன்தான். பட்டாளத்தில் இருந்தபோது ஓர் உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்து, ராணுவச் சிறைக்குப் போய் வந்தவன். உள்ளே தோட்ட வேலைதான், யாரும் தன்னைத் தொட்டதுகூட இல்லை என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தான். அவள் தியேட்டர் பக்கமே போகமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதிய படம் இது. ஆனால் மகன் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துப் போய்விட்டு வந்தவள், அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. உனக்கும் இப்படித்தான் நடந்ததா என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்து, அவனும் அவள் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குள் வளைய வந்தான்.

விமர்சனங்கள் ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொரு காட்சியிலும் நிஜம் சுடுகிறது என்று ஒரு பத்திரிகை தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தது. அதை மடித்து பீரோவுக்கு மேல் வீசிவிட்டு, கிழிகிழியென்று கிழித்திருந்த இந்த இன்னொன்றைத்தான் படித்துக் காட்டினான்.

"பார்த்தியாம்மா? எல்லாம் நானா இட்டுக்கட்டினது. பேப்பர்லயே போட்டுட்டாங்க."

"நான் ஒரு மண்டு. நிஜம்னு நினைச்சுட்டேன்" என்று சிரித்த அம்மா, தனக்குத் தட்டு வைக்கச் சொன்னாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். டைரக்டர் போன் செய்து, இதற்கு மறுப்பு எழுதியே தீரவேண்டும் என்று குதித்தார். நல்லாத்தானே எழுதியிருக்காங்க, விடுங்க சார் என்று சொல்லிவிட்டு, விசிலடித்துக்கொண்டே குளிக்கப் போனான்.

அவன் மனைவிக்குத்தான் மனசு கேட்கவில்லை. எடுத்த தட்டுகளை மறுபடி மேஜை மேலேயே வைத்தாள்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டோம்..."

"சொல்லாதேம்மா" என்று அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் திரும்பி வந்த புதுசுல காய்ச்சல்ல நினைவில்லாம கிடந்தான். முதுகுல இருந்த காயத்துக்கெல்லாம் மருந்து போட்டது நான்தான். எனக்குத் தெரியாதுன்னு நம்பினாத்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும்."