எரியும் சிவப்புப் புள்ளி

"லைட்டு வெச்சதா, சாதாவா? நீங்களே சொல்லிடுங்க நயினாரே."

ஆதிமூலம் செல்போனை நீட்டினார். திரையில் துப்பாக்கிமேல் மாட்டும் தூரக்கண்ணாடிகள் இரண்டு. ஒன்றில் குறிபார்க்க வெறும் கறுப்புக் கோடு. இன்னொன்றில் அந்தக் கோட்டின் நடுவே சிவப்பாக ஒரு புள்ளி எரியும்.

காசியின் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் சீவகனைப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? ஊர் நயினார் என்று கூப்பிடுகிற சமண வீட்டு மனிதர், எறும்புக்கு ஒதுங்கி நடக்கிறவர். பூச்சி விழுந்துவிடுமே என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர். அவரிடம் போய்க் காட்டுப்பன்றியைச் சுட யோசனை கேட்டால்?

ஆதிமூலத்துக்கு வேறு ஆள் கிடையாது. சீவகன் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். லென்ஸ் சமாச்சாரம் ஊரில் அவருக்குத்தான் தெரியும். இரண்டு பேர் நிலமும் வரப்புக்கு வரப்பு, இரண்டிலும் வேர்க்கடலை. பாதியைப் பன்றிகள் தோண்டித் தின்றாகிவிட்டது. லைசென்ஸ், அனுமதி எல்லாம் முறையாக வாங்கி வைத்திருந்தார் ஆதிமூலம். அவருடையது குத்தகை நிலம்; இந்த மகசூலும் போனால் அதுவும் போச்சு.

சீவகன் டீயை ஆறவிட்டுவிட்டு யோசித்தார்.

"லைட்டு வெச்சதே வாங்குங்க. இருட்டுற நேரத்துல கறுப்புப் பன்னிமேல கறுப்புக் கோடு தெரியாது. புள்ளிய ஃபுல்லா எரிய விடுங்க, கம்மி பண்ணாதீங்க. ஜாஸ்தியா இருந்தாத்தான் குறி தப்பாது."

"அடேங்கப்பா! கடலைனு வந்துட்டா நயினாரும் நம்மாளுதாம்பா!" என்றார் காசி. கடையே சிரித்தது.

வீட்டில் மனைவி கனகலதா சிரிக்கவில்லை.

"கையால கொல்றது மட்டுமா பாவம்? கொல்லச் சொல்றதும் பாவம், சரின்னு தலையாட்டறதும் பாவம். நம்ம பேத்தி தீக்ஷாவுக்கு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

அன்றையிலிருந்து சீவகன் ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி கிடக்க ஆரம்பித்தார். காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும்தான். செய்த பாவத்துக்குப் பரிகாரம் போல என்று ஊர் பேசிக்கொண்டது.

கண்ணாடி வந்து சேர்ந்தது. பொழுது சாய்ந்தால் கடலைக் கொல்லையில் வெடிச்சத்தம். விடிந்தால் ஆதிமூலம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்.

"நேத்தும் தப்பிடுச்சு நயினாரே. நீங்க சொன்னது சரிதான், எனக்குத்தான் கை சரியில்ல."

சீவகனுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. இரண்டு பக்கக் கொல்லையும் நாளுக்கு நாள் மொட்டையாகிக்கொண்டே வந்தது. கடைசியில் வேர் அறுந்த செடிகளும் மென்று துப்பிய தோலும்தான் மிச்சம்.

"போதுங்க, சாப்பிடுங்க," என்று தட்டை வைத்தாள் கனகலதா. "ஒரு பன்னிகூடச் சாகல. எந்தப் பாவத்துக்கு இன்னும் பட்டினி?"

"பொய் சொன்ன பாவத்துக்கு."

"இன்னா பொய்?"

"இருட்டுல அந்தப் புள்ளி அவ்ளோ வெளிச்சமா எரிஞ்சா கண்ணு கூசும் கனகா. பின்னாடி நிக்கறது எதுவும் தெரியாது. தெரிஞ்சேதான் சொன்னேன். பன்னி தெரியலன்னா சுடாம வந்துடுவாருன்னு நெனச்சேன். அவரு தெனமும் சுடுறாரு."

கனகலதா அவரையே பார்த்தாள். அவர் பன்றியைக் காப்பாற்றியது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

"நமக்குப் பென்ஷன் வருது. அவருக்கு இன்னா இருக்குது?"

தட்டு அப்படியே இருந்தது.

நிலத்துக்காரர் குத்தகையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ஆதிமூலமும் அவர் மனைவி உண்ணாமலையும் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குக் கிளம்பினார்கள். மாலை வண்டிக்குப் போகிற வழியில் ஆதிமூலம் மட்டும் சீவகன் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் பை, கையில் அந்தக் கண்ணாடி.

"துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டேன். இது எனக்கு எதுக்கு? நீங்க வெச்சுக்கங்க. கார்த்திகைக்கு மலைமேல தீபம் பாக்க ஆவும்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று சீவகனுக்கு உள்ளுக்குள் பதறியது. முகத்தை மறைக்கவாவது ஆகட்டும் என்று கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்தார்.

கண் கூசவில்லை.

புள்ளி கடுகளவுக்கு மங்கலாக எரிந்தது. அதற்குப் பின்னால், மங்குகிற அந்த வெளிச்சத்திலும், வரப்போரப் புளியமரம் கிளை கிளையாகத் தெரிந்தது.

"இத... எப்ப கம்மி பண்ணீங்க?"

"மொத நாளே. கண்ணு கூசிச்சு, திருகி வெச்சேன்."

"அப்ப பன்னி?"

"நல்லாத் தெரிஞ்சிது நயினாரே, குட்டிங்களோட." ஆதிமூலம் பையைச் சரியாக மாட்டிக்கொண்டார். "எனக்கு யோசன சொன்ன பாவத்துக்கு நீங்க சோறு தின்னாம கெடக்கறீங்கன்னு ஊரே பேசிச்சு. ஒண்ணு செத்தாக்கூட நீங்க அப்புறம் சாப்பிடவே மாட்டீங்கன்னு தோணிச்சு. சத்தத்துக்காச்சும் ஓடுதான்னு பாக்கலாம்னு, தெனமும் வானத்தப் பாத்துத்தான் சுட்டேன்."