கணக்கிடுகிறாள்

அந்தக் கட்டடத்தில் யாரும் ‘யோசிக்கிறாள்’ என்று சொல்வதில்லை. ‘கணக்கிடுகிறாள்’ என்றுதான் சொல்வார்கள்.

எந்தச் சுவரிலும் அப்படி எழுதி ஒட்டியிருக்கவில்லை. எந்திரம் என்ற சொல் அவர்கள் பேசும் ரஷ்ய மொழியில் பெண்பால். ஆகவே ‘அவள்’ என்பதில் குற்றமில்லை. குற்றம் வினைச்சொல்லில் இருந்தது.

சென்ற ஆண்டு டிராக்டர் ஆலைத் தொழிலாளர் மன்றத்தில் உரையாற்றிய பொறியாளர் ஒஸ்தாப், தங்கள் கணிப்பொறியைப் பற்றிச் சொல்லும்போது ‘யோசிக்கிறாள்’ என்ற வினைச்சொல்லைப் பயன்படுத்திவிட்டார். சில நாட்களில் மாஸ்கோப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்தது. இரும்புக்கு மூளை உண்டென்று நம்பவைப்பது முதலாளிகளின் சூழ்ச்சி, அதற்குத் துணைபோகிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள் என்றது. பனி உருகுமுன்பே ஒஸ்தாப் வடக்கே, துருவத்துக்கு அருகில், காற்றின் வேகத்தை அளக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டார்.

அந்தக் கட்டுரை, எந்திரத்தின் முன் அமர்ந்திருந்த லிதியாவுக்கு மனப்பாடம்.

அதை எழுதியவர் இப்போது அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

தோழர் லாப்தெவ், எந்திரத்தைச் சோதித்துப் பார்க்கும் ஏற்புக் குழுவின் தலைவராகக் கீவ் நகருக்கு வந்திருந்தார். நகருக்கு வெளியே, ஓக் மரங்களுக்கு நடுவே, போரில் பாதி இடிந்து மீண்டும் எழுப்பப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு கணக்கு. அணையிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் தடத்தைப் பற்றியது. மாஸ்கோவில் குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து கையால் போட்டது. விடை அவருடைய தலைக்குள் மட்டுமே இருந்தது. அதே விடை வந்தால் எந்திரம் பிழைக்கும். வராவிட்டால் அதன் கண்ணாடிக்குழாய் வால்வுகளைப் பிடுங்கி வானொலி ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். அதை இயக்கும் லிதியாவும் மற்றவர்களும் திசைக்கொருவராகப் போகவேண்டியதுதான்.

வால்வுகள் வரிசை வரிசையாக எரிந்து அனல் கக்கின. ஜன்னலுக்கு வெளியே பனி. உள்ளே எல்லோருக்கும் வியர்வை.

“கோட்டைக் கழட்டிடுங்க தோழரே,” என்றாள், கருகிய வால்வுகளை மாற்றும் ஸோயா. “அவ யாரையும் சும்மா விடமாட்டா. போன வாரம் வந்த ஜெனரலையே பனியனோட நிக்க வெச்சுட்டா.”

யாரும் சிரிக்கவில்லை. லாப்தெவ் கோட்டின் மேல் பொத்தானை மட்டும் கழற்றினார்.

எந்திரத்தின் முகப்புப் பலகையில் ஓடிக்கொண்டிருந்த சிறு விளக்குகள் சட்டென்று நின்றன.

“என்ன, செத்துப்போச்சா?” என்றார் லாப்தெவ்.

“இல்லைங்க,” என்றாள் லிதியா.

“அணைச்சிட்டுத் திரும்பப் போடுங்க.”

அணைத்தால் எல்லாம் முடிந்தது. ஆறிப்போன வால்வுகள் மறுபடி சூடேறும்போது எத்தனை கருகும் என்று யாராலும் சொல்லமுடியாது.

“வேண்டாங்க. அவ…”

சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஸோயாவின் கையிலிருந்த வால்வு அந்தரத்தில் நின்றது.

“அவ?” என்றார் லாப்தெவ், மிக மெதுவாக.

“கணக்குப் போடுறா.”

“விளக்கு அசையலையேம்மா. அசையாம என்ன கணக்கு?”

“ரெண்டு விடை கையில இருக்கு. ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட்டுப் பாக்குறா. சரியானதை எடுத்துக்குவா.”

“எடுத்துக்குவாளா? யாரைக் கேட்டு?”

“நாங்க எழுதிக் குடுத்த கட்டளையைக் கேட்டு.”

லாப்தெவ் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விளக்குகள் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகுதான் லிதியா மூச்சுவிட்டாள்.

அதன்பின் லாப்தெவ் அவளை மறந்துவிட்டார். பலகைக்கு அருகே வந்தார். இன்னும் அருகே வந்தார். காகித நாடாவில் விடையின் இலக்கங்கள் விழ விழ, அவர் உதடுகளும் கூடவே அசைந்தன. நெற்றி வியர்வை மூக்குக்கண்ணாடிமேல் சொட்டியதைக்கூட அவர் துடைக்கவில்லை.

கடைசி இலக்கத்துக்கு முன் விளக்குகள் மறுபடியும் நின்றன.

“ரயிலுக்கு நேரமாச்சுங்க,” என்றான் அவருடைய செயலாளர், கதவருகிலிருந்து உரத்த குரலில். “வண்டியை எடுக்கச் சொல்லட்டுமா?”

லாப்தெவ் திரும்பவில்லை. சதுரங்கப் போட்டியில் பார்வையாளர்களை அடக்குவார்களே, அப்படிக் கையை மட்டும் உயர்த்தினார்.

“உஷ்! சும்மா இருய்யா. யோசிக்கிறா.”

கடைசி இலக்கம் நாடாவில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

லாப்தெவ் பார்த்தார். விடை சரி என்று தலையசைத்தார். மேசைக்கு வந்து, ஏற்புப் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தார். முனை தாளைத் தொடுமுன் கை நின்றுவிட்டது. மெல்ல நிமிர்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“நான் இப்ப எதாவது சொன்னேனா?”

அந்தக் கட்டடத்தில் பழகியவர்களுக்கு இதற்கு என்ன பதில் என்று தெரியும். செயலாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஸோயா அவசரமாகத் தலையை இல்லையென்று ஆட்டினாள். மற்றவர்களும் ஆட்டினார்கள். மிச்சமிருந்தது லிதியாவின் தலை மட்டும். அதுவும் ஆடிவிட்டால் கையெழுத்து விழும், எந்திரம் பிழைக்கும்.

“சொல்லுங்க, லிதியா மக்சீமொவ்னா,” என்றார் லாப்தெவ். முதல் தடவையாக அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

லிதியா எழுந்து நின்றாள்.

“சொன்னீங்க தோழரே. அவ யோசிக்கிறதாத்தான் சொன்னீங்க. என் வீட்டுக்காரர் ஒஸ்தாப் சொன்னதும் அதேதான்.”