சடையானையின் குரல்

ஜெயங்கொண்டம் தியேட்டரில் மதிய ஆட்டம் ஓடுகிறது. திரையில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன மாமூத் என்னும் சடையானை பனிவெளியில் குட்டியைத் தேடிக் கதறுகிறது. கலியம்மாள் முந்தானையைக் கையில் சுருட்டியபடி இருக்கையின் நுனிக்கு நகர்கிறாள். கன்று செத்த அன்று அவளுடைய எருமை கத்தியதைப் படக்காரர்கள் மைக் வைத்துப் பதிவுசெய்துகொண்டு போனார்கள். போன ஆடியில் எருமையும் செத்துவிட்டது. வீட்டில் இப்போது அவள் மட்டும்தான். “ஏங்க அழுவுறீங்க? கம்ப்யூட்டர் யானைதானே அது,” என்கிறாள் பக்கத்து இருக்கைப் பெண். “கொரலு எங்க வூட்டு எருமையோடதும்மா.” கதறல் மறுபடி எழுகிறது. “தோ வந்துட்டேன்டி,” என்கிறாள் கலியம்மாள், வாய்விட்டே. முன்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். சடையானை திரும்பிப் பார்க்காமல் பனிக்குள் நடந்து போகிறது.