பாடாத வாய்க்குப் பதக்கம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐவர்: வெள்ளிப் பதக்கத்தைச் செய்வித்துக் கொடுத்த வர்த்தகர் அலவி ஹாஜியார், சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் பேர்னாட், தலைமைத் தாதியான மேற்றன் மரியகொறற்றி, வைத்தியசாலைச் செயலாளர் றேமண்ட், பதக்கம் பெறவிருந்த தாதி பழனியம்மா.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருடம். கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் வைத்தியசாலை. குளோரோபோம் கொடுத்து நோயாளியை மயக்கும் தாதியருள் சிறந்தவரைக் கௌரவிப்பதென்று அவ்வருடந்தான் முதன்முறையாகத் தீர்மானித்திருந்தார்கள். கீழே படம் பிடிப்பவர் காத்திருந்தார். மின்விசிறி நின்றுபோயிருந்தது. எல்லோருக்கும் அவசரம். றேமண்டுக்கு மட்டும் ஆட்சேபம்.

கொட்டாஞ்சேனையின் ஒழுக்கத்துக்குத் தாமே பொறுப்பென்று எண்ணியிருந்தவர் அவர். அவருடைய கையெழுத்து இல்லாமல் தீர்மானம் செல்லாது.

“இவ ஒப்பரேஷன் தியேட்டருக்குள்ள பாடுறா,” என்றார்.

“என்தா?” என்றார் ஹாஜியார்.

“பாட்டு, ஹாஜியார், பாட்டு! குளோரோபோம் முகமூடியை வைச்ச உடனே தொண்டை கிழியப் பாட்டு. போன மாசி எனக்கு ஹேர்னியா ஒப்பரேஷன். நான் மேசையில படுத்துச் செபம் சொல்லுறன். இவ தலைமாட்டில நிண்டு கொழுந்து கிள்ளுற பாட்டுப் படிக்கிறா. இதென்ன வைத்தியசாலையோ, தேயிலை மலையோ?”

பழனியம்மா தலையை நிமிர்த்தவில்லை.

“பாட்டால ஒருதரும் சாகேல்லையே, றேமண்ட்,” என்றார் டாக்டர், கடிகாரத்தைப் பார்த்தபடி. “இவவின்ர கையில ஒரு நோயாளிக்கும் மூச்சு நிண்டதில்லை. வேற என்ன வேணும் உமக்கு?”

“ஒழுங்கு வேணும்.”

றேமண்ட் எழுந்து யன்னல்வரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

“சரி, நானும் கல்நெஞ்சன் இல்லை. இனிப் பாடமாட்டன் எண்டு இவ ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்பவே கையெழுத்துப் போடுறன்.”

“செல்லிருங்கொ மகள்,” என்றார் ஹாஜியார். “போட்டோக்காரனும் போகப் போறான்.”

“இல்லீங்க ஐயா,” என்றார் பழனியம்மா.

“என்ன இல்லை?” என்றார் றேமண்ட்.

“பாடாம நான் முகமூடி வைக்கமாட்டேனுங்க.”

டாக்டர் பேர்னாட்டே திடுக்கிட்டுப் பார்த்தார்.

“கேட்டீங்களோ?” றேமண்டின் குரல் உயர்ந்தது. “அப்ப பதக்கமும் இல்லை, நாளையிலிருந்து தியேட்டரும் இல்லை. வெளிநோயாளர் பகுதியில போய்ப் பஞ்சு சுத்தும்!”

பழனியம்மாவின் விரல்கள் ஏப்ரனைக் கசக்கின. தியேட்டருக்கு வெளியே அவருக்கென்று ஒரு வாழ்க்கை இருந்ததாக அங்கே யாருக்கும் தெரியாது.

“புடிவாதம் புடிக்காதீங்கொ மகள். ஏன் பாடுறீங்கெண்டாவது செல்லுங்கொ.”

“பழக்கமுங்க.”

“பழக்கமில்லை ஹாஜியார், திமிர். பதக்கம் எண்ட உடனே தலையில ஏறியிட்டுது.”

ஹாஜியார் மனம் நொந்து பதக்கப் பெட்டியை மூடினார்.

“போதும்!” என்று எழுந்தார் மேற்றன் மரியகொறற்றி.

“அம்மா, வேணாமுங்க,” என்றார் பழனியம்மா.

“நீ சும்மா இரு பிள்ளை. ஐயாமாரே, மயக்கம் ஏறுறதுக்கு முதல் மனிசர் கதைப்பினம். கதைக்கிறது தங்களுக்கே தெரியாது. வீட்டு விஷயம், வெளி விஷயம், சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில கூடச் சொல்லாத விஷயம், எல்லாம் சத்தமா வரும். பக்கத்தில உதவிக்கு அற்றண்டன்மார் நிக்கினம். முந்தியெல்லாம் காலையில மேசையில படுத்த ஆளின்ர கதை பின்னேரம் கொச்சிக்கடைத் தேத்தண்ணிக் கடையில ஓடும். இவ வந்த பிறகுதான் அது நிண்டது. அந்த ஆளின்ர பேச்சு எழும்ப எழும்ப, இவவின்ர பாட்டும் எழும்பும்.”

டாக்டர் கடிகாரத்தை விட்டு மேற்றனைப் பார்த்தார்.

“இதை முந்தியே சொல்லியிருக்கலாமே?” என்றார் டாக்டர்.

“சொன்னா, பிறகு ஆர் டாக்டர் அந்த மேசையில வந்து படுப்பினம்?”

ஹாஜியார் பெட்டியை மெதுவாகத் திறந்தார். பிறகு, இன்னும் மெதுவாக, செயலாளர் பக்கம் திரும்பினார்.

“அப்ப, றேமண்ட் மாத்தயா, போன மாசி நீங்க...”

றேமண்ட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவ்வளவு நேரமும் பழனியம்மாவின் பெயரைச் சொல்லி ஒருமுறைகூட அழைக்காதவர், இப்போது அழைத்தார்.

“மிஸ் பழனியம்மா, நான்... ஏதும் கதைச்சனானோ?”

“தெரியாதுங்க ஐயா. பாட்டுச் சத்தத்துல எனக்கே ஒண்ணும் கேக்கல.”

றேமண்ட் பெருமூச்சு விட்டார். பேனாவை எடுத்துத் தீர்மானத்தில் கையெழுத்திட்டார்.

டாக்டர் பேர்னாட் ஏதோ யோசனையில் இருந்தார்.

“நான் அந்த நேரம் பக்கத்து அறையில கை கழுவிக்கொண்டு நிக்கிறனான்,” என்றார். “மற்ற ஆக்களுக்கெண்டால், நான் சவர்க்காரம் போட்டு முடிக்க முதலே பாட்டு முடிஞ்சிடும். உமக்குத்தான் றேமண்ட், கை கழுவி, கையுறை போட்டு, கதவடியில வந்து நிண்டு பார்த்தன். இவ பாடிக்கொண்டேதான் இருந்தவ.”

றேமண்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.