இரண்டு பேர் வீட்டின் கார்பன்

வீட்டுக்கு வீடு கேஸ், கரண்டு செலவை வைத்துக் கார்பன் உமிழ்வைக் கணக்கெடுக்க வந்த பெண், சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டியபோதே மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. சிலிண்டர் மாற்றும் தேதிகளை அவர் மனைவி செண்பகம் அதில்தான் குறித்துவைப்பாள். இரண்டு மாதம் வந்துகொண்டிருந்த சிலிண்டர், தையிலிருந்து நாற்பதே நாளில் தீர்ந்திருந்தது. கரண்டு பில்லும் அதே மாதத்திலிருந்துதான் ஏறியிருந்தது.

“வீட்டுல எத்தனை பேரு சார்?”

“நானும் அவளும்தான்.”

அந்தப் பெண் கையிலிருந்த டேப்லெட்டில் மறுபடி தட்டிப் பார்த்தாள். “எப்படிக் குறைக்கலாம்னு சொல்லணும்னா ஆள் கணக்கு சரியா இருக்கணும் சார். இது மூணு பேர் புழங்குற அளவு.”

“உங்க மெஷின்தான் தப்பா காட்டுது” என்றார். பகலெல்லாம் தான் வேலை பார்க்கும் பஸ் டிப்போவிலேயே கிடப்பது அப்போதுதான் உறைத்தது.

“மூணுன்னே போட்டுக்கம்மா” என்றபடி செண்பகம் காபித் தட்டோடு வந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று கொடுத்தாள். தனக்கொன்றை எடுத்து ஸ்டூலில் வைத்தாள். தட்டில் இன்னும் ஒரு தம்ளரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆறிவிடுமே என்ற அவசரத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள், பழைய சாமான்கள் போட்டுவைத்திருக்கும் பின்னறைக் கதவை மெல்ல இரண்டு முறை தட்டினாள்.