ஒற்றை மெட்டி

பர்மாவுக்குத் துணி விற்கப் போயிருந்த அர்த்தநாரி, பெகுவில் சித்திரை மாதம் ஒரே வாரத்தில் மூன்று முறை பூமி குலுங்கிய பிறகு இளம்பிள்ளைக்குத் திரும்பிவிட்டான். மூன்றாம் குலுக்கலில் அவன் தங்கியிருந்த கட்டடம் சரிந்தது. இடிபாட்டுக்குள் புதைந்தவன், இருட்டில் தட்டுப்பட்ட ஒரு காலைப் பற்றிக்கொண்டு மேலே வந்தான். மேலே ஆள் யாரும் இல்லை. அவன் கையில் ஒரு வெள்ளி மெட்டி மட்டும் இருந்தது. அவன் காலைப் பிடித்தபடி பின்னால் வந்த கூட்டாளி சின்னண்ணன் கடைசிவரை வெளியே வரவில்லை. சின்னண்ணனுக்கு வலது கையில் நாலே விரல்.

ஊருக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. கட்டிலில் படுத்தாலும் ஒரு காலைத் தரையிலேயே ஊன்றியிருந்தான். யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

காலையில் மனைவி பாவாயி நெய்வதற்காகத் தறிக்குழிக்குள் காலை இறக்கினாள். ஒரு காலில் மெட்டி இல்லை.

"மெட்டி எங்கே பாவாயி?"

"சித்திரையில நெய்யறப்ப குழிக்குள்ள ஆரோ காலைப் புடிச்சாப்பல இருந்துச்சுங்க. வெடுக்குனு இழுத்தேன், கழண்டுபோச்சு. தேடியும் கெடைக்கலைங்க."

அர்த்தநாரி இடுப்பு முடிச்சை அவிழ்த்து மெட்டியை நீட்டினான். அவள் வாங்கவில்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கப்புறம் தெனமும் புடிக்குதுங்க. இப்பவும் புடிச்சுட்டுத்தான் இருக்குது," என்றாள். "நாலு வெரல்தானுங்க."